ஃபோர்ஸ் எச் உண்மையில் என்ன செய்தது?

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் 'ஃபோர்ஸ் எச்' பற்றிப் படித்தால் ஓர் இடத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்ட படை என்கிறார்கள், இன்னோர் இடத்தில் பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்த படை என்கிறார்கள், அதன் தளபதிதான் 1942ல் ஜப்பான் கொழும்பில் குண்டு போட்டபோது இலங்கையில் இருந்தவர் என்றும் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே கதைதானா, இதில் எது பெரிய விஷயம் என்பது கேள்வி.

படையும் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். ஆனால் பிஸ்மார்க்கை அது மூழ்கடிக்கவில்லை, ஓட முடியாமல் செய்தது. எது பெரிய விஷயம் என்று கேட்டால் என் பதில் இந்த மூன்றிலும் இல்லை. ஜிப்ரால்டரிலிருந்து கிழக்கே போய், மால்டா தீவு பறக்கும் தூரத்துக்குள் வந்ததும் சண்டை விமானங்களைக் கிளப்பிவிட்டுத் திரும்பி வருகிற, யாரும் கதை எழுத விரும்பாத வேலையை அது மாதக்கணக்கில் செய்தது. அதுதான் என் கணக்கில் முதலில் வரும். சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

1940 ஜூன் வரை மத்தியதரைக் கடலை பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டுக் காத்து வந்தன. மேற்குப் பாதி பிரெஞ்சுக் கடற்படைக்கு, கிழக்குப் பாதி அலெக்சாந்திரியாவில் இருந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கு. ஜூன் 10 அன்று இத்தாலி போரில் குதித்தது, ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஜெர்மனியோடு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, இரண்டே வாரத்தில் மேற்குப் பாதி காவலில்லாமல் கிடந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஜூன் 28 அன்று ஜிப்ரால்டரில் ஃபோர்ஸ் எச் உருவானது. ஹூட், வேலியன்ட், ரெசல்யூஷன் என்ற பெரிய பீரங்கிக் கப்பல்கள், ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பல், இரண்டு குரூசர்கள், சில நாசகாரிக் கப்பல்கள். இந்தப் பட்டியல் நிலையானது இல்லை. தேவைக்கேற்பக் கப்பல்கள் வரும், போகும். ஆகஸ்டில் ஹூட் போய் ரினோன் தலைமைக் கப்பலாக வந்தது. நிலையாக இருந்தது இடம் மட்டும்தான். ஜிப்ரால்டர் இரண்டு தெருவிலும் வாசல் வைத்த மூலைவீடு மாதிரி, ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மத்தியதரைக் கடல், எந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் சில மணி நேரத்தில் கிளம்பிவிடலாம்.

தளபதி ஜேம்ஸ் சோமர்வில். வைஸ் அட்மிரல். 1938ல் கிழக்கிந்தியக் கடற்பிரிவின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டவர், அதாவது திருகோணமலை அவருக்கு அப்போதே பழக்கமான துறைமுகம். காசநோய் என்று சொல்லி 1939ல் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போர் வந்ததும் மனிதர் விடவில்லை, ரேடார் வேலையில் நுழைந்தார், பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்டபோது அங்கே போய் உதவினார், அப்புறம் இந்தப் பதவி. ஒரு விசித்திரம், ஜிப்ரால்டரிலேயே டட்லி நார்த் என்ற இன்னொரு அட்மிரல் இருந்தார், ஆனால் சோமர்வில் அவருக்குக் கீழே இல்லை, நேராக லண்டனில் இருந்த அட்மிரால்டிக்கு, அதாவது கடற்படைத் தலைமையகத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். யாருக்கு எதில் அதிகாரம் என்ற இந்தக் குழப்பத்தில் பின்னால் பலியானவர் நார்த். 1940 செப்டம்பரில் பிரெஞ்சுக் குரூசர்கள் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டிப் போனதற்கு அவரைப் பொறுப்பாக்கிப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

படை உருவான ஐந்தாம் நாளே முதல் வேலை வந்தது. நேற்றுவரை கூட்டாளியாக இருந்தவனைச் சுடுகிற வேலை. அல்ஜீரியாவில் ஓரான் பக்கத்தில் மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்தில் டன்கெர்க், ஸ்ட்ராஸ்பூர்க், பிரெத்தாஞ், ப்ரோவான்ஸ் என்ற நான்கு பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நின்றன. அவை ஜெர்மனியின் கைக்குப் போய்விடும் என்பது சர்ச்சிலின் பயம். ஜூலை 3 காலை சோமர்வில் துறைமுகத்துக்கு வெளியே போய் நின்று, உள்ளே இருந்த அட்மிரல் ஜான்சூலுக்கு நிபந்தனைகளை அனுப்பினார்: எங்களோடு சேர்ந்து சண்டை போடு, இல்லை குறைந்த ஆட்களோடு பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வா, இல்லை மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பிரெஞ்சுத் துறைமுகம் ஒன்றுக்குப் போய் ஆயுதத்தை இறக்கு, எதுவும் முடியாதென்றால் ஆறு மணி நேரத்துக்குள் நீயே மூழ்கடி, இல்லையென்றால் சுடுவோம்.

தூது போனவர் ஆர்க் ராயலின் கேப்டன் ஹாலண்ட். பாரிசில் கடற்படைத் தூதுவராக இருந்தவர், பிரெஞ்சு நன்றாகப் பேசுவார், பிரெஞ்சுக்காரர்கள் மேல் பிரியமும் உள்ளவர். ஆனால் ஓர் அட்மிரலிடம் பேச ஒரு கேப்டனை அனுப்பிவிட்டார்களே என்று ஜான்சூலுக்கு ரோஷம், மாலை நான்கு மணி தாண்டும்வரை நேரில் பார்க்கவே இல்லை. அதைவிட மோசம், தன் தலைமையகத்துக்கு அனுப்பிய செய்தியில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகலாம் என்ற வழியை அவர் சொல்லவே இல்லை, மூழ்கடி அல்லது சுடுவோம் என்பதாகத்தான் செய்தி போனது. கடைசியில் ஹாலண்டைப் பார்த்தபோது, ஜெர்மன்காரன் கப்பலைப் பிடிக்க வந்தால் அமெரிக்காவுக்குப் போய்விட வேண்டும், முடியாவிட்டால் மூழ்கடித்துவிட வேண்டும் என்று கடற்படைத் தலைவர் தர்லான் முன்பே கொடுத்திருந்த ரகசிய உத்தரவைக் காட்டினார். அதாவது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்! ஆனால் அதற்குள் பிரெஞ்சு உதவிக் கப்பல்கள் வருகின்றன என்று லண்டன் ஒட்டுக்கேட்டுவிட்டது, சீக்கிரம் முடி என்று செய்தி வந்துவிட்டது.

மாலை 5.54க்குச் சுட ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம் போல நடந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் பின்புறத்தைத் தடுப்புச்சுவரோடு கட்டி, மூக்கை நிலத்தின் பக்கம் நீட்டி நின்றன, டன்கெர்க்குக்கும் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கும் பெரிய பீரங்கி எல்லாமே முன்பக்கம்தான், அந்த நிலையில் கடலைப் பார்த்துச் சுட அவற்றுக்கு வழியே இல்லை. பிரெத்தாஞ் வெடித்துக் கவிழ்ந்தது, அதில் மட்டும் 977 பேர் செத்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் புகைக்குள் நழுவி, துறைமுக வாயிலில் விமானங்கள் போட்டிருந்த கண்ணிவெடிகளையும் தாண்டி, பிரான்சின் தென்கரையில் இருந்த தூலோன் துறைமுகத்துக்குத் தப்பிவிட்டது. மூன்று நாள் கழித்து டன்கெர்க்கை முழுதாக முடக்க ஆர்க் ராயல் விமானங்கள் திரும்ப வந்தன, அதில் மேலும் நூற்றுக்கு மேல் சாவு. மொத்தம் 1,297 பிரெஞ்சு மாலுமிகள்.

சோமர்வில் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இது பெரிய அரசியல் தவறு, உலகமே நம்மீது திரும்பும் என்ற பொருளில் எழுதினார். சர்ச்சில் மறுநாள் நாடாளுமன்றத்தில் பேசியபோது உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். பிரிட்டன் சரணடையாது என்பதை அமெரிக்காவுக்குக் காட்டியது இதுதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 1942 நவம்பர் 27 அன்று ஜெர்மன் படை தூலோனுக்குள் நுழைந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் சொன்னபடியே தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள், தப்பி வந்த ஸ்ட்ராஸ்பூர்க் உட்பட. 1940ல் லண்டனில் இருந்தவர்களுக்கு இது நடக்கும் என்று தெரிய வழியில்லை, நியாயம்தான். இருந்தாலும் அன்றைக்கு இன்னும் ஓர் இரவு பொறுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

இனி மால்டா. சிசிலிக்குத் தெற்கே, இத்தாலிய விமானத்தளங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குட்டித் தீவு. ஜிப்ரால்டரிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். வட ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலிய, ஜெர்மன் படைகளுக்குப் போகிற சரக்குக் கப்பல்களை அங்கிருந்துதான் அடிக்க முடியும், அதனால் மால்டா பிழைத்திருக்க வேண்டும், பிழைக்க வேண்டுமென்றால் சண்டை விமானம் வேண்டும், அந்த விமானங்களால் ஜிப்ரால்டரிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. ஆகவே கப்பலில் ஏற்றி, பாதி வழிக்கு மேல் கொண்டுபோய்க் கிளப்பிவிடு. 1940 ஆகஸ்ட் 2 அன்று ஆர்கஸ் என்ற பழைய விமானந்தாங்கியிலிருந்து 12 ஹரிக்கேன்கள் இப்படிப் போய்ச் சேர்ந்தன. அதன்பின் இது வாடிக்கையாகிவிட்டது.

எளிதாகத் தெரியும், ஆனால் இல்லை. நவம்பர் 17 அன்று இதே ஆர்கஸிலிருந்து 12 ஹரிக்கேன்களும் வழிகாட்ட 2 ஸ்கூவா விமானங்களும் கிளம்பின. இத்தாலியக் கப்பற்படை கிளம்பியிருக்கிறது என்ற செய்தியால் சோமர்வில் கொஞ்சம் முன்கூட்டியே, எல்லைத் தூரத்திலேயே அவற்றை அனுப்பிவிட்டார். நடுவழியில் காற்று திரும்பியது, விமானிகளுக்குக் கடல்மேல் பறந்த அனுபவமும் குறைவு, எரிபொருளை மிச்சம் பிடித்து ஓட்டும் முறையும் சரியாகத் தெரியவில்லை. நான்கு ஹரிக்கேனும் ஒரு ஸ்கூவாவும் மட்டும் மால்டா போய்ச் சேர்ந்தன. மீதி எட்டு ஹரிக்கேன்கள் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தன, எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சோமர்வில் மேல் வைக்கக்கூடிய மிக நியாயமான குற்றச்சாட்டு இதுதான் என்று நினைக்கிறேன்.

லண்டன் அவரைக் குற்றம் சாட்டியது வேறொன்றுக்கு. பத்தே நாள் கழித்து, நவம்பர் 27 அன்று, சார்டீனியாவுக்குத் தெற்கே ஸ்பார்டிவென்டோ முனைப் பக்கம், சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு பெரிய போர்க்கப்பல்களோடு இத்தாலியப் படை எதிரே வந்தது. ஒரு மணி நேரம் போலப் பீரங்கிச் சண்டை, இத்தாலியர்கள் திரும்பி ஓடினார்கள். சோமர்வில் துரத்தவில்லை, காவலுக்கு வந்தவன் காக்கப்பட வேண்டிய கப்பல்களை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று திரும்பிவிட்டார். அவர் துறைமுகம் வந்து சேருமுன்பே விசாரணைக் குழு கிளம்பிவிட்டது. சண்டைக்குப் பயந்தார் என்ற சந்தேகம்! விசாரித்த கார்க் பிரபு, சோமர்வில் செய்தது சரி என்றே அறிக்கை கொடுத்தார். கடற்படைக்குள் இந்த விசாரணை பலருக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காமல் போனதில் ஆச்சரியமும் இல்லை.

1941 பிப்ரவரி 9 அன்று ஜெனோவா நகரைக் கடலிலிருந்து சுட்டதையும் பெரிய சாகசமாகச் சொல்வார்கள். துணிச்சல்தான், இத்தாலியின் வாசலுக்கே போய்ச் சுட்டுவிட்டு மூடுபனியில் யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட்டார்கள். ஆனால் குறிவைத்த போர்க்கப்பல் டுயிலியோ மேல் ஒன்றும் படவில்லை, செத்தவர்கள் 144 பொதுமக்கள். சான் லொரென்சோ பேராலயத்துக்குள் விழுந்து வெடிக்காமல் போன ஒரு குண்டை அங்கேயே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

பிஸ்மார்க் விஷயம் மே 1941. ஹூட் மே 24 காலை டென்மார்க் நீரிணையில் பிஸ்மார்க்கின் குண்டால் வெடித்து 1,415 பேரோடு மூழ்கியது, பிழைத்தவர்கள் மூன்றே பேர். ஒரு வருஷத்துக்கு முன் ஃபோர்ஸ் எச்சின் தலைமைக் கப்பலாக இருந்தது அது. சோமர்வில்லின் கப்பல்கள் அன்று அதிகாலையிலேயே ஜிப்ரால்டரை விட்டுக் கிளம்பியிருந்தன, பிஸ்மார்க்கைத் துரத்த அல்ல, துருப்புகள் ஏற்றிய ஒரு கன்வாய்க்கு, அதாவது கூட்டமாகப் போகும் கப்பல் அணிக்குக் காவலாக. அப்புறம் நிலைமை மாறியது. 25ஆம் தேதி பிஸ்மார்க் கண்ணிலிருந்து தப்பியது, 26 காலை பத்தரைக்கு ஒரு கேட்டலினா விமானம் மறுபடி கண்டுபிடித்தது, எண்ணெய் ஒழுக ஒழுக பிரெஞ்சுக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் எல்லாம் பின்னால். அதன் பாதைக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது ஃபோர்ஸ் எச் மட்டும். தெற்கே ஜிப்ரால்டரில் ஒரு படையை நிறுத்தி வைத்ததன் பலன் அந்த ஒரு நாளில் கிடைத்தது.

ரினோனைக் கிட்டே போகாதே என்று லண்டன் தடுத்துவிட்டது, ஹூட்டுக்கு வந்த கதி அதற்கும் வரும். ஆகவே ஆர்க் ராயலின் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள்தான் மிச்சம். இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, திறந்த இருக்கை, வயிற்றில் ஒரே ஒரு டார்பிடோ. கப்பலின் மேல்தளம் அலையில் மாடி உயரத்துக்கு ஏறி இறங்கும் புயலில் முதல் அணி கிளம்பியது, கிளம்பி நேராகப் போய் ஷெஃபீல்டைத் தாக்கியது. ஷெஃபீல்ட் அவர்களுடைய சொந்தக் குரூசர். பிஸ்மார்க்கைப் பின்தொடர அதை முன்னால் அனுப்பியிருந்ததை விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. நல்ல காலம், டார்பிடோக்களில் இருந்த காந்த வெடிமுனைகள் பல தண்ணீரைத் தொட்டதுமே வெடித்துவிட்டன, மீதியை ஷெஃபீல்ட் வளைந்து நெளிந்து தப்பித்தது.

ஆனால் அந்தக் கூத்து நடக்காமல் இருந்திருந்தால் அதே கோளாறான வெடிமுனைகளோடு பிஸ்மார்க் மேல் போயிருப்பார்கள். திரும்பி வந்து, மோதினால் வெடிக்கும் பழைய வகையை மாட்டிக்கொண்டு மாலை ஏழு மணியைத் தாண்டி 15 விமானங்கள் மறுபடி கிளம்பின. ஒரு டார்பிடோ பின்பக்கம் பட்டு பிஸ்மார்க்கின் சுக்கான் திரும்பிய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய கப்பல், இயந்திரம் ஓடுகிறது, பீரங்கி எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் நேராகப் போக முடியவில்லை. மறுநாள் காலை கிங் ஜார்ஜ் 5, ராட்னி இரண்டும் வந்து சுட்டு நொறுக்கின, டோர்செட்ஷயர் என்ற குரூசர் கடைசி டார்பிடோக்களைப் போட்டது, மே 27 காலை 10.39க்கு மூழ்கியது. 2,200 பேர் போல இருந்த கப்பலில் பிழைத்தவர்கள் நூற்றுச் சொச்சம். அதனால்தான் மூழ்கடித்த படை என்று சொல்வது சரியில்லை என்கிறேன், பிடித்துக் கொடுத்த படை என்றால் சரி.

அதன்பின் மறுபடி மால்டா, மறுபடி ஹரிக்கேன்கள். 1941 நவம்பர் 13 அன்று அப்படி ஒரு தவணையை அனுப்பிவிட்டுத் திரும்பும் வழியில், ஜிப்ரால்டரை நெருங்கிவிட்ட நேரத்தில், யு-81 என்ற நீர்மூழ்கியின் ஒரே டார்பிடோ ஆர்க் ராயலைத் தாக்கியது. ஜெர்மன் வானொலி அதற்கு முன் பலமுறை மூழ்கடித்துவிட்டதாக அறிவித்த கப்பல். இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தார்கள், மறுநாள் காலை கவிழ்ந்து மூழ்கியது. செத்தது ஒரே ஒருவர். தண்ணீர் உள்ளே பரவுவதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று கேப்டன் மாண்ட் மேல் கடற்படை நீதிமன்றம் குற்றம் கண்டது. சிதைவை 2002ல் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள், பார்த்தபின் கப்பலின் வடிவமைப்பிலும் கோளாறு இருந்தது என்ற பேச்சு வலுத்தது.

1942 தொடக்கத்தில் சோமர்வில் போய் நெவில் சைஃப்ரெட் வந்தார். அந்தக் காலத்தை வேகமாகவே சொல்லலாம்: மார்ச்சில் ஈகிள் கப்பலிலிருந்து முதல் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானங்கள் மால்டா போயின, மே மாதம் சைஃப்ரெட் கப்பல்களோடு மடகாஸ்கர் வரை போய் அங்கிருந்த தியேகோ சுவாரஸ் துறைமுகத்தைப் பிடித்தார், ஆகஸ்டில் அவரே காவல் தலைமை வகித்த 'பெடஸ்டல்' கன்வாயில் கிளம்பிய 14 சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் மால்டா சேர்ந்தன, ஈகிள் போயிற்று, ஆனால் எண்ணெய்க் கப்பல் ஓஹையோ இருபக்கமும் நாசகாரிகள் தாங்கிப் பிடிக்க உள்ளே வந்துவிட்டதால் தீவு தப்பித்தது. நவம்பரில் வட ஆப்பிரிக்கத் தரையிறக்கம், 1943ல் அட்மிரல் வில்லிஸ் தலைமையில் சிசிலி, சலேர்னோ தரையிறக்கங்கள். செப்டம்பரில் இத்தாலியக் கப்பற்படை சரணடைய வந்தபோது அதை எதிர்கொண்டு மால்டாவுக்கு அழைத்துப்போனவை ஃபோர்ஸ் எச்சின் வார்ஸ்பைட்டும் வேலியன்ட்டும். எதிரியே இல்லாமல் போனபின் படைக்கு வேலை இல்லை, அக்டோபரில் கலைத்துவிட்டார்கள்.

கடைசியாக இலங்கைப் பகுதி. 1942 மார்ச் இறுதியில் கிழக்குக் கப்பற்படைக்குத் தலைவராக சோமர்வில் கொழும்பு வந்தார். ஏப்ரல் 1 வாக்கில் ஜப்பான் தாக்கும் என்று உளவு, இலங்கைக்குத் தெற்கே காத்துக்கொண்டு நின்றார், யாரும் வரவில்லை, எண்ணெயும் தண்ணீரும் நிரப்ப மாலத்தீவின் அட்டு தீவுக்கூட்டத்தில் இருந்த ரகசியத் தளத்துக்குப் போனார். டோர்செட்ஷயரையும் கார்ன்வாலையும் கொழும்புக்கு, ஹெர்மீஸ் என்ற சின்ன விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கு அனுப்பினார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் கொழும்பைத் தாக்கின. அன்றைக்கே டோர்செட்ஷயரும் கார்ன்வாலும் கடலில் மாட்டி 424 பேரோடு போயின. 9ஆம் தேதி திருகோணமலை, அன்றே மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மீஸ், 307 பேர். கப்பல்களைப் பிரித்து அனுப்பியது அவருடைய தவறு, அதில் வாதமில்லை. ஆனால் மிச்சப் படையைக் கொண்டுபோய் நகுமோவிடம் கொடுக்காமல், பழைய போர்க்கப்பல்களை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பியது ஸ்பார்டிவென்டோவில் துரத்தாமல் திரும்பிய அதே ஆள் செய்த அதே வகைக் கணக்கு.

1944ல் அவரிடம் மறுபடி கப்பல்கள் சேர்ந்தன, திருகோணமலையில். ரினோன் வந்தது, வேலியன்ட் வந்தது, கூடவே ரிஷ்லியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலும் வந்தது. 1940 ஜூலையில் மெர்ஸ்-எல்-கெபிருக்கு ஐந்து நாள் கழித்து மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார் துறைமுகத்தில் ஹெர்மீஸின் விமானங்கள் டார்பிடோ போட்ட கப்பல் அது. ஜூலை 25 அன்று சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைச் சுட்டபோது இவை எல்லாம் சோமர்வில் கையில் ஒரே வரிசையில் இருந்தன. அடுத்த மாதம் பொறுப்பை அட்மிரல் புரூஸ் ஃப்ரேசரிடம் கொடுத்துவிட்டு, பிரிட்டிஷ் கடற்படைத் தூதுக்குழுவின் தலைவராக வாஷிங்டன் போய்விட்டார்.